கையறுநிலையும் கைத்தொழிலாளர் நினைவும்: தமிழ் இரங்கல் மரபில் தொழிலின் இடம்

முன்னுரை

இறந்தோரை நினைந்து இருப்போர் புலம்பும் பாடல் மரபு தமிழில் மிகத் தொன்மையானது. தொல்காப்பியம் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகக் கையறுநிலையைக் கூறுகிறது. கணவனை இழந்தாளின் நிலையைத் தாபதநிலை என்றும், மனைவியை இழந்தானின் நிலையைத் தபுதாரநிலை என்றும் தனித்தனியே வகுக்கிறது. 1894இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் இத்தகைய பாடல்கள் பலவும் பொதுவியல் திணையில் அடங்குகின்றன. இப்பாடல்களை ஆராய்ந்தோர் நிலையாமை, வீரவுணர்வு, புரவலர் புலவர் உறவு, கைம்மை நோன்பு ஆகிய நோக்குகளில் அவற்றை விரிவாகப் பேசியுள்ளனர். இறந்தவன் செய்த தொழில் அவனைப் பற்றிய நினைவில் எவ்விடம் பெறுகிறது என்னும் வினா அவற்றில் பின்தங்கியே நிற்கிறது.

ஒரு தச்சரோ, கொல்லரோ, நெசவாளரோ, தையற்காரரோ இறந்துபடும்போது அவர்தம் மனைவியும் மக்களும் இழப்பது ஓர் உறவை மட்டுமன்று. வீட்டின் ஒவ்வொரு நாளையும் வரையறுத்து வந்த ஒரு வேலையும் அவருடன் நின்றுபோகிறது. அவ்வேலையைத் தமிழ் இரங்கல் இலக்கியம் எவ்வாறு சொல்லியது, எங்குச் சொல்லாது விட்டது, சொல்லாது விட்டதை வேறு எந்த வடிவங்கள் காத்தன என்பனவற்றைச் சங்கப் பாடல்கள், இரட்டைக் காப்பியங்கள், ஒப்பாரி, அச்சிட்ட நினைவு வெளியீடுகள் ஆகியவற்றின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொடையை அளவாகக் கொண்ட நினைவு

புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களில் இறந்தவனின் பெருமை பெரும்பாலும் அவன் கொடுத்ததைக் கொண்டே அளக்கப்படுகிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் இறப்பைப் பாடிய ஔவையார் (235), அவன் மார்பைத் துளைத்த வேல் அங்கேயே நின்றுவிடவில்லை என்கிறார். அது பாணரின் உண்கலத்தைத் துளைத்து, இரப்போரின் கைகளில் ஊடுருவி, அவனால் காக்கப்பட்டோரின் கண்ணொளியை மழுக்கி, இறுதியாகப் புலவரின் நாவில் சென்று தைக்கிறது. ஒருவனின் இறப்பு அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் ஒவ்வொருவரின் உடலிலும் எந்த உறுப்பில் உணரப்படும் என்று இப்பாடல் வரிசைப்படுத்துகிறது. இரங்கற்பாடலின் அமைப்பை அறிய விரும்புவோர்க்கு இவ்வரிசை முறை அடிப்படையானது. இழப்பின் பெருமையை இழந்தவர்களின் பட்டியல் காட்டுகிறது என்பதே இதன் உட்கருத்து.

பாரிமகளிர் பாடலில் (112) இவ்வரிசை முறை இல்லை. தந்தையோடு குன்றையும் இழந்த மகளிர், முன்பொரு முழுநிலவையும் இன்றைய முழுநிலவையும் அருகருகே வைத்து முடிக்கின்றனர். தந்தையின் கொடைமடம் பற்றிப் பிற புலவர் பலபடப் பாடியிருக்க, மக்கள் அதனைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. புரவலனை இழந்தவர் கொடையைச் சொல்கின்றனர். தந்தையை இழந்தவர் தந்தை இருந்த நாளைச் சொல்கின்றனர். ஒரே மனிதனின் இறப்புக்கு இருவகை நினைவு மொழிகள் இருப்பதை இவ்வேறுபாடு புலப்படுத்துகிறது.

தாபதநிலைப் பாடல்களில் மூன்றாவது மொழி ஒன்று கேட்கிறது. அது வீட்டுப் பொருள்களின் மொழி. இளமையில் தழையுடையாகப் பயன்பட்ட ஆம்பல், கணவன் இறந்தபின் புல்லரிசியாக உணவாவதை ஒக்கூர் மாசாத்தனார் பாடல் (248) காட்டுகிறது. அகன்ற நாட்டுக்குரியவனின் மனைவி முறத்தளவு இடத்தைக் கண்ணீரே நீராக மெழுகுவதைத் தும்பிசேர்கீரனார் பெயரில் வழங்கும் பாடல் (249) காட்டுகிறது. தாயங்கண்ணியார் பாடலில் (250) கூந்தல் களைந்து வளை நீக்கிய மனைவியும், சோறுண்டு பாலும் வேண்டும் சிறுவர்களும் ஒரே வீட்டில் நிற்கின்றனர். கணவன், தந்தை என்னும் இரு நிலைகளும் ஒருங்கே இழக்கப்படுவதை இவ்வளவு குறைந்த சொற்களில் காட்டிய பாடல் அரிது. எனினும் அவ்வீடும் முன்பு வந்தோரைத் தடுத்து உண்பித்த வீடு என்றே அறிமுகமாகிறது. இங்கும் அளவுகோல் கொடையே. அக்கொடைக்குரிய பொருள் யாருடைய உழைப்பால் வந்தது என்பது பாடலின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

உவமையில் நிற்கும் தொழிலாளர்

சங்க இலக்கியம் தொழிலாளரை அறியாததன்று. மிக நுட்பமாக அறிந்தது. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரத்தை ஔவையார் அதியமானுக்கு உவமையாக்குகிறார் (87). விரைவாகச் செய்யும் கைக்கும் பொறுத்துச் செய்யும் கைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்த ஒருவரே இவ்வுவமையை ஆளமுடியும். வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடமை எனப் பொன்முடியார் பாடல் (312) தாய், தந்தை, வேந்தன் ஆகியோரின் கடமைகளோடு அதனை ஒரே வரிசையில் வைக்கிறது. கட்டில் பின்னுவோன் கையிலுள்ள ஊசியின் விரைவு போர்க்களத்தின் விரைவுக்கு உவமையாகிறது (82).

இத்துணை நுட்பமாகக் காணப்பட்ட தச்சனும் கொல்லனும் இறந்தபோது பாடப்பட்ட கையறுநிலை எதனையும் தொகுப்பில் காணமுடியவில்லை. அவர்களுடைய கைத்திறன் மன்னனின் புகழுக்கு உவமையாகப் பயன்பட்டது. அவர்களுடைய இறப்புக்கு உவமை தேவைப்படவில்லை. புறநானூறு வேந்தரையும் வேளிரையும் வீரரையும் மையமாகக் கொண்ட தொகுப்பு என்பதால் இவ்விடைவெளியை அதன் குறை என்பது பொருந்தாது. ஆயினும் இதனை ஓர் இடைவெளியாக அடையாளம் காண்பது திறனாய்வுக்கு இன்றியமையாதது.

இரங்கற்பாடலுக்குள்ளேயே நேரடியாக விளிக்கப்படும் தொழிலாளர் ஒருவர் உண்டு. அவர் குயவர். கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் (228), அவ்வளவு பெரியோனுக்குரிய தாழியை எவ்வாறு வனைவாய் எனக் கலம் செய்வோனிடம் வினவி, நிலத்தைச் சக்கரமாகவும் மலையை மண்ணாகவும் கொண்டாலும் இயலுமோ என இரங்குகிறார். பெயர் அறியப்படாத புலவரின் முதுபாலைப் பாடலில் (256), வண்டிச் சக்கரத்தின் ஆரத்தைப் பற்றிக்கொண்டு உடன்வந்த சிறுபல்லியைப் போலக் கணவனோடு பல வழிகளைக் கடந்து வந்த பெண், தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாகச் செய்யும்படி குயவரை வேண்டுகிறாள்.

இவ்விரு பாடல்களும் குயவரை நோக்குவதில் வேறுபடுகின்றன. முடவனார் பாடலில் குயவர் மன்னனின் பெருமையை மிகுத்துக் காட்டும் கருவி. முதுபாலைப் பாடலில் அவர் ஒரு தொழிலாளி. வேண்டுகோள் கலத்தின் அளவைப் பற்றியது. அதனைச் செய்து தருதல் அவருடைய கையால் இயல்வது. இழப்பின் உச்சத்தில் நிற்கும் பெண் தெய்வத்திடமோ விதியிடமோ பேசாமல், மண் பிசையும் ஒருவரிடம் பேசுகிறாள். பிறர் இறப்பு ஒவ்வொன்றிலும் தொழில் செய்ய வேண்டியவர் குயவர். பிற்காலத் தமிழகச் சிற்றூர்களிலும் கொள்ளிக்குடம் தருபவர் அவரே. அவர் வீட்டில் இறப்பு நிகழும்போது சக்கரம் யாருக்காகச் சுற்றும் என்னும் வினாவை இவ்விரு பாடல்களும் எழுப்பவில்லை; படிப்போர் எழுப்பிக்கொள்ள இடம் தருகின்றன.

பாடல் சொல்லாது விட்டதைப் புதைகுழிகள் ஒருவாறு சொல்லியுள்ளன. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய அகழாய்வில் தாழிகளோடு இரும்பாலான படைக்கலங்களும் கருவிகளும் கிடைத்தன. இறந்தவனோடு அவன் கைப்பொருளையும் வைத்தல் ஒரு நினைவுச் செயலேயாகும். நடுகற்களோ வேறு நெறியில் நிற்கின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் நூலில் உள்ள கல்வெட்டுகள் மன்னனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் பட்ட பூசல் ஆகியவற்றைப் பொறித்துள்ளன. ஒருவன் எந்தச் செயலில் இறந்தான் என்பதைக் கல் காக்கிறது. எந்தச் செயலால் வாழ்ந்தான் என்பதைக் காப்பதில்லை.

வணிகனின் மனைவியும் வணிகனின் மகளும்

அரசரல்லாத ஒருவனின் இறப்பை மையமாகக் கொண்ட முதற்பெருங்காப்பியம் சிலப்பதிகாரம். கோவலன் வணிகன். ஊர்சூழ்வரியில் கண்ணகியின் புலம்பல் அவன் மேனி புழுதியில் கிடப்பதையும் குருதி வழிவதையும், அதனைக் காணச் சான்றோரும் தெய்வமும் ஊரில் உளரோ என்பதையும் பேசுகிறது. அங்கு அவன் வணிகன் என்பதற்கு இடமில்லை. உடலின் முன் நிற்பவளுக்கு உடலே உலகம். ஆனால் வழக்குரை காதையில் மன்னன் முன் நின்று கணவனை அறிமுகப்படுத்தும்போது, மாசாத்துவான் என்னும் வணிகனின் மகன் என்றும், வாழ்வு வேண்டி இவ்வூர் புகுந்து சிலம்பு விற்க வந்தவன் என்றும் கூறுகிறாள். புலம்பலில் இல்லாத தொழில் வழக்கில் தோன்றுகிறது. கள்வன் என்னும் பழிக்கு மறுமொழியாகவே அது தோன்றுகிறது. உழைத்து வாழ வந்தவன் என்பதே அவனுடைய மானத்துக்குச் சான்று. எளியோர் வீட்டு இரங்கலில் தொழில் ஏன் இன்றியமையாதது என்பதற்குக் காப்பியம் தரும் விடையாக இதனைக் கொள்ளலாம். தொழிலைச் சொல்வது இறந்தவனின் நேர்மையைச் சொல்வதாகும்.

மணிமேகலையில் மகள் வஞ்சிமாநகரில் கண்ணகி, கோவலன் படிமங்களின் முன் நிற்கிறாள். அக்காதையில் தந்தைக்கு வழங்கப்படும் அடைமொழி கொடையைச் சார்ந்தது. நூலாசிரியர் கூலவாணிகன் சாத்தனார் எனப்படுகிறார். தானியம் விற்ற ஒருவரின் பெயரால் வழங்கும் காப்பியத்திலும், வணிகனான தந்தை வள்ளலாகவே நினைக்கப்படுகிறான். கொடையே பெருமை என்னும் சங்கப் பாடலின் அளவுகோல் எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதை இது காட்டுகிறது.

இதற்கு மாறான ஒரு குறிப்பையும் இங்குச் சுட்டுதல் தகும். சாத்தனாரைப் போலவே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், தங்காற் பொற்கொல்லனார் ஆகிய புலவர்கள் தொழிலோடு சேர்த்தே பெயர் பெற்றுள்ளனர். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஊரும் தொழிலும் பெயரும் மட்டுமே. பாடல் தொழிலாளியை நினைக்கத் தவறிய இடத்தில் பெயர் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறது.

கைம்பெண்ணின் உழைப்பு

இறந்தவனின் தொழில் மறைவதைப் போலவே, அவனுக்குப்பின் மனைவி மேற்கொள்ளும் தொழிலும் தாபதநிலைப் பாடல்களில் மறைகிறது. அவை நோன்பைச் சொல்கின்றன, பிழைப்பைச் சொல்வதில்லை. ஆனால் அப்பிழைப்பு இலக்கியத்தின் பிற மூலைகளில் தென்படுகிறது. ஆடவர் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூல், நற்றிணை 353இல் மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாகிறது. தங்காற் பொற்கொல்லனார் பாடலில் (புறம். 326) காட்டுப்பூனைக்கு அஞ்சி அலறும் கோழிப்பேடு, பருத்தி நூற்கும் பெண் இரவில் எழுந்து ஏந்திய சிறுவிளக்கின் ஒளியில் தன் சேவலைக் கண்டு அமைதி அடைகிறது. இப்பெண் கணவனை இழந்தவள் எனப் பாடல் கூறவில்லை. எனினும் நற்றிணைப் பாடலோடு இணைத்துக் காணும்போது, நூல் நூற்றல் துணையற்ற பெண்டிரின் வாழ்வாதாரமாக இருந்தமை புலனாகிறது. அவ்விரவு வேலையைக் கண்டு எழுதியவர் பொற்கொல்லர் என்பது கருதத்தக்கது. நுண்ணிய வேலையைச் செய்யும் கைகளே நுண்ணிய வேலையைக் கண்டுகொள்கின்றன.

கைத்தொழில் குடும்பங்களில் மனைவியும் தொழிலில் பங்கு கொண்டவள் என்பதையும் இங்கு நினைத்தல் வேண்டும். தறியில் அமர்பவருக்குத் தார் சுற்றுபவள், உலைக்குத் துருத்தி ஊதுபவள், சக்கரத்துக்கு மண் பதப்படுத்துபவள் அவளே. கணவனின் இறப்பால் அவள் உடனுழைத்தவரை இழக்கிறாள். அவளுடைய வேலையும் பாதியில் அறுகிறது. கையறுநிலை என்னும் தொடருக்குச் செயலற்ற நிலை என்பதே மரபான பொருள். கைத்தொழில் வீட்டைப் பொறுத்தவரை அத்தொடர் உவமைத்தன்மையை விட்டு நேர்ப்பொருளை அடைகிறது. அங்கு அறுவது உண்மையிலேயே கை.

ஒப்பாரி

எழுத்திலக்கியம் விட்ட இடைவெளியை ஒப்பாரி எவ்வளவு நிரப்புகிறது என்பது அடுத்த வினா. நா.வானமாமலையின் தமிழர் நாட்டுப்பாடல்கள் (1964) முதலிய தொகுப்புகள் ஒப்பாரியை ஆய்வுப் பொருளாக்கின. இசபெல் கிளார்க்-டெசெஸ் 2005இல் வெளியிட்ட நூல், தமிழ்நாட்டு ஒப்பாரிப் பெண்கள் இறந்தவருக்காக அழுவதைக் காட்டிலும் தத்தம் வாழ்வின் குறைகளுக்காகவே அழுகின்றனர் என்னும் கருத்தை முன்வைத்தது. பாடும் பெண் தன் கதையைச் சொல்கிறாள் என்பது மறுக்கமுடியாதது. ஆனால் அதனை இறந்தவரை மறத்தலாகக் கொள்வது முற்றிலும் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. கணவனோடு சேர்ந்து உழைத்த ஒருத்திக்குத் தன் கதையிலிருந்து அவன் கதையைப் பிரித்தெடுக்க இயலாது. வறுமையைச் சொல்வதும், உடன்பிறந்தோர் ஆதரவின்மையைச் சொல்வதும், அவன் ஈட்டிய பொருள் அவ்வீட்டில் எதனைத் தடுத்து நிறுத்தியிருந்தது என்பதைச் சொல்வதேயாகும்.

ஒப்பாரி இறந்தவனைப் பொன், வெள்ளி, முத்து, பவளம் ஆகியவற்றால் அலங்கரித்து அரசனாக்குவது பொதுமரபு. எளியவனை உயர்த்த வேண்டின் அரசனின் மொழியே கிடைக்கிறது என்பது ஒரு வரம்பு. வாழ்நாளில் பிறர் வாசலில் நின்று கூலி வாங்கியவனை அவன் மனைவி ஒரு நாளேனும் சிங்காதனத்தில் அமர்த்துகிறாள் என்பது அம்மரபின் ஆற்றல். இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பதே ஒப்பாரியை மதிப்பிடுவதற்குரிய நெறியாகும்.

அச்சேறிய நினைவு

யாழ்ப்பாணத் தமிழரிடையே இறந்தோரின் 31ஆம் நாள் நினைவாகக் கல்வெட்டு என்னும் பெயரில் சிறுநூல் வெளியிடும் வழக்கம் உண்டு. இறந்த ஆண்டு, திங்கள், திதி ஆகியவற்றைப் பொதிந்த திதி வெண்பா, திருமுறைப் பாடல்கள், வாழ்க்கைக் குறிப்பு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் முதலியன அதில் இடம்பெறும். நூலகம் நிறுவனம் இத்தகைய வெளியீடுகள் பலவற்றை எண்ணிம வடிவில் பாதுகாத்துள்ளது. மனைவிக்கும் மக்களுக்கும் தனித்தனிக் குரல் வகுத்துத் தருவதில் இக்கல்வெட்டுகள் தொல்காப்பியத் துறைப் பாகுபாட்டின் தொலைதூர உறவினர் எனலாம். இவற்றில் தொழில் பெரும்பாலும் உரைநடையிலமைந்த வாழ்க்கைக் குறிப்பில் அமைந்துவிட, புலம்பற் செய்யுள்கள் குலவிளக்கு, அன்புத்தெய்வம் போன்ற பொதுத்தொடர்களால் நிரம்புகின்றன. செய்யுள் வாய்பாட்டுக்குள் உளியும் தறியும் நுழைவது அரிதாகவே உள்ளது. எழுதித்தரும் புலவர் இறந்தவரை அறியாதவராக இருப்பதும் இதற்கு ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் சுவரொட்டியாகவும் நாளிதழ் விளம்பரமாகவும் வரும் கண்ணீர் அஞ்சலியின் வடிவம் இன்னும் சுருக்கமானது: நிழற்படம், தோற்றம், மறைவு, உறவினர் பெயர் வரிசை. அதில் உள்ள தொடர்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. எனினும் பெயருக்கு முன்னோ பின்னோ டைலர், மேஸ்திரி, ஆசாரி, எலக்ட்ரீசியன் என ஒரு சொல் நிற்கும். வாய்பாட்டுத் தொடர்களுக்கு நடுவே அவருக்கே உரியதாக எஞ்சும் சொல் அதுவே. ஊரார் அவரை அறிந்ததும் அச்சொல்லால்தான். கூலவாணிகன், பொற்கொல்லன் என்னும் அடைகள் செய்த பணியை இந்நாளில் இச்சொற்கள் செய்கின்றன. உறவினர் பெயர் வரிசையின் இறுதியில் சில வேளைகளில் தொழிற்சங்கத்தாரும் உடன் பணிபுரிந்தோரும் இடம்பெறுவர். ஔவையாரின் வேல் பாணர் கலத்தையும் புலவர் நாவையும் தொட்ட வரிசை இங்கு வேறு வடிவில் தொடர்வதைக் காணலாம். அங்கே கொடையால் கட்டுண்டோர் வரிசை. இங்கே வேலையால் கட்டுண்டோர் வரிசை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் புலனாகின்றன. தமிழ் இரங்கல் மரபு கொடையை நினைவின் அளவாகக் கொண்டது. அதனால் கொடுத்தவன் பாடப்பெற்றான், செய்தவன் உவமையானான். தொழிலாளரைப் பற்றிய நினைவு பாடலுக்குள் இடம்பெறாத காலத்தும் பெயரடையிலும், உவமையிலும், புதைபொருளிலும், அறிவிப்பிலும் தங்கியிருந்தது. கண்ணகியின் வழக்குரை, தொழிலைச் சொல்வதே எளியவனின் மானத்தைக் காக்கும் என்பதை உணர்த்துகிறது. கைம்பெண்ணின் நோன்பைப் பாடிய துறை அவளுடைய உழைப்பைப் பாடவில்லை. அதனைப் பிற பாடல்களிலிருந்து மீட்டெடுக்க வேண்டியுள்ளது.

ஒப்பாரியையும் நினைவு வெளியீடுகளையும் தொகுப்போர் பாடலின் சந்தத்தையும் உறவுமுறைச் சொற்களையும் பதிவு செய்வதோடு, இறந்தவர் என்ன தொழில் செய்தார், அதில் மனைவியின் பங்கு யாது, அவருடைய கருவிகள் இப்போது யாரிடம் உள்ளன என்னும் வினாக்களையும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். உளியின் பிடி ஒருவர் கைக்கேற்பத் தேய்ந்திருக்கும். அதனை மகன் எடுக்கும்போது அத்தேய்வு அவன் கைக்குப் பொருந்துவதும் உண்டு, பொருந்தாததும் உண்டு. இரண்டும் தந்தையைப் பற்றிய செய்திகளே. அவற்றைக் கேட்டவர்கள் இருக்கும்போதே கேட்டுவைப்பது தமிழ் இரங்கல் ஆய்வின் உடனடிப் பணியாகும்.